திராட்சைத் தோட்டத்தில் என் கைக்குட்டை

1

ஜெர்மனியில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கொடுப்பதற்கு முன்னால், ஆளைத் திராட்சைத் தோட்டத்துக்கு வரவழைத்து, ஒயின் ஊற்றிக் கொடுத்து, அவன் எப்படி நடக்கிறான், எப்படிக் குடிக்கிறான் என்று அதிகாரிகள் பார்ப்பார்கள் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். ஐம்பத்திரண்டு வயது, தலையில் பாதி நரை, ஆட்டுத்தோலைத் தடவியே அது எந்தப் பக்கத்து ஆடு என்று சொல்லும் கை, இத்தனையும் உள்ள ஒரு ஆள் ஒரு மாதத்துக்கு மேல் இதை நம்பிக்கொண்டிருந்தான்.

நாளை செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. மறுபடியும் அந்த ஒயின் நடை. என் மனைவி எஸ்தர் நாளைக்கான சட்டையை எடுத்து வைத்தவள், அதன் மேல் வெள்ளைக் கைக்குட்டை ஒன்றையும் மடித்து வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போகிறாள். அதனால்தான் போன வருடக் கதையை நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். பாஸ்போர்ட் எடுத்தபோது, ஆம்பூருக்குப் பக்கத்தில் மாதனூர் தாண்டியிருக்கும் எங்கள் வீட்டுக்கு விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். நாற்காலி போட்டோம். காபி குடித்தார். சுவரில் தொங்கிய காலண்டரை ஒரு மாதம் விடாமல் புரட்டிப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஆளு எப்படி?" என்று கேட்டார். ஒருவன் நல்லவனா என்று அரசாங்கம் கண்டுபிடிக்கும் முறை இதுதான் என்று அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது. நாடு மாறினால் காபிக்குப் பதில் ஒயின், அவ்வளவுதானே.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், ஒரு காலத்தில் ஊர் மொத்தமும் ஷூ தைத்த ஒரு சின்ன ஊர். மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு கம்பெனிகளில் ஒன்றில், வருகிற தோலை மடித்து, இழுத்து, முகர்ந்து, இது போகும் இது போகாது என்று பிரிப்பது என் வேலை. ஆம்பூரில் இருபது வருடம் செய்ததேதான். அங்கே மின்விசிறிக்குக் கீழே, இங்கே ஹீட்டருக்குப் பக்கத்தில்.

போன வருடம் கம்பெனி இரண்டு ஷிஃப்டை ஒன்றாக்கியது. என் விசா வேலையோடு முடிச்சுப் போட்ட விசா. வேலை போனால் சில மாதங்களுக்குள் இன்னொன்று பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். மகள் ப்ரீத்திக்குப் பள்ளி முடிய இரண்டு வருடம் பாக்கி. ஒன்பது வயதில் இங்கே வந்தவள். பதினாறு வயதில் அவளைப் பெட்டியோடு ஆம்பூர் ஸ்டேஷனில் இறக்கினால், எந்த வகுப்பில், எந்த மொழியில் உட்கார வைப்பது? அந்த ஒரு கேள்விக்காகத்தான் நிரந்தர அனுமதிக்கு மனு போட்டேன். அது கிடைத்துவிட்டால், வேலை போனாலும் அவள் படிப்பு முடியும் வரை யாரும் எங்களைக் கிளப்ப முடியாது.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் ஃபைல் ஃப்ராவ் லீபல் என்கிற அம்மையாரின் மேஜையில் இருந்தது. அறுபதை நெருங்கும் வயது. மூக்குக்கண்ணாடி ஒரு சங்கிலியில் நெஞ்சுக்கு நேரே தொங்கும். அதை எடுத்து மாட்டினாரென்றால் இன்னொரு காகிதம் கேட்கப் போகிறார் என்று அர்த்தம். வாடகை ஒப்பந்தம். வீடு எத்தனை சதுர மீட்டர். மொழிப் பரீட்சைச் சான்று. மூன்றாவது தடவையில்தான் தேறினேன் என்பதை அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். பயம் வந்தால் நான் உண்மையை உளறுவேன், இல்லாவிட்டால் பொய்யை உளறுவேன். நடுவில் ஒன்றும் வராது.

எங்களுக்கு இனிஷியல்தான், குடும்பப்பெயர் கிடையாது. அதனால் இங்கே வந்து இறங்கியதும் அப்பாவின் பெயர் என் குடும்பப்பெயர் ஆகிவிட்டது. சாமுவேல் என்று கூப்பிட ஒரே ஒரு நண்பன் இருக்கிறான். மற்ற எல்லோருக்கும் நான் ஹெர் தேவசகாயம், அதாவது திரு. தேவசகாயம்.

ஆகஸ்டில் கடைசிக் காகிதத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு ஃப்ராவ் லீபல் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பக்கமெல்லாம் பழகிவிட்டதா, ஹெர் தேவசகாயம்? திராட்சைத் தோட்டங்களில் நடக்கப் போவீர்களா?"

"வாரா வாரம்" என்றேன்.

ஏழு வருடத்தில் ஒரு தடவை கூடப் போனதில்லை.

"அட! செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை எங்கள் ஊரில் ஒயின் நடை. அங்கே பார்ப்போம்" என்றார்.

பார்ப்போம் என்கிறாரே, எதைப் பார்ப்பார்? நடையையா? குடியையா? பொய்யையா?

2

நண்பன் என்று சொன்னேனே, அவன் பெயர் ஹோர்ஸ்ட். கம்பெனியில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவன், திராட்சைத் தோட்டத்துக் கிராமத்தில் பிறந்தவன். அவர்கள் பக்கத்துப் பேச்சு பாடப்புத்தக ஜெர்மன் கிடையாது. எல்லா வார்த்தைக்கும் வாலை நறுக்கிவிடுவார்கள். நம்ம பக்கமும் அப்படித்தான் என்பதால், அவர்கள் பேசியதை நம்ம ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"ஹோர்ஸ்ட், அந்தம்மா பாப்போம்னு சொன்னாங்க. செக் பண்ண வருவாங்களா?"

அவன் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "பின்ன? எல்லா பந்தல்லயும் குடிக்கணும். மிச்சம் வெக்கக் கூடாது. நடுவுல விழுந்தீன்னா ஃபைல மூடிருவாங்க."

அவன் ஒரு பொய்யன் என்பது கம்பெனிக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பயந்தவனுக்குப் பொய்யன் சொல்வது மட்டும்தான் பொருத்தமாகப் படும்.

ஆம்பூருக்குப் போன் போட்டேன். ஜாஃபர் அங்கே என்னோடு பத்து வருடம் ஒரே மேஜையில் தோல் பார்த்தவன். ஐந்து வேளையும் தொழுகிறவன். ஒயின் குடிப்பது எப்படி என்று ஆலோசனை கேட்க எனக்கு உலகத்திலேயே அவன்தான் கிடைத்தான்.

"இன்னாடா தோஸ்த்து, உனக்கு வேற ஆளே கெடைக்கலியா?"

"உன்கிட்ட சொன்னா வெளிய போகாதுடா."

"சரி, கேட்டுக்க. நான் ஒரு சொட்டு தொட்டதில்ல. ஆனா தொட்டவனுங்கள நெறைய பாத்திருக்கேன். வெறும் வயித்துல போவாத. கம்மியா வாய்ல வை. ஜாஸ்தியா பேசாத. நீ குடிக்காமயே ஜாஸ்தி பேசுவ, அது வேற பேஜாரு."

"பயமா இருக்குடா."

"லெதர் பாக்குற மாதிரி பாருடா. மொதல்ல மோந்து பாரு. அப்புறம் ஊத்திக் குடுத்தவன் மூஞ்சிய பாரு. சரக்கு எப்படின்னு அவன் மூஞ்சியே சொல்லிரும்."

இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் சபையில் முதல் திருவிருந்து எடுக்குமுன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில், மதுவைத் தொடுவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். எங்கள் கோயில் திருவிருந்தில் கொடுக்கும் திராட்சரசம் கூட, உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டியது. அதை ஒரு அண்டா குடித்தாலும் போதை ஏறாது, வயிறுதான் இளகும்.

எஸ்தரிடம் சொன்னேன். இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொன்னாள்.

"கையெழுத்துப் போட்டது பதினாலு வயசுலங்க. அந்த வயசுல நீங்க போட்டதுல எது நெலச்சிது? போய்ட்டு வாங்க. எனக்கு அன்னிக்கு டியூட்டி. ப்ரீத்தி கூட வருவா. விழுந்தீங்கன்னா அவ போட்டோதான் எடுப்பா, தூக்க மாட்டா."

ப்ரீத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ப்பா, அது சும்மா நடக்குறதுப்பா. என் கிளாஸ் பசங்கல்லாம் வருவாங்க. நீ கோட்டு போட்டுக்கினு வராத, ப்ளீஸ்."

கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் தமிழ், வந்து இறங்கிய வயதிலேயே நின்றுவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளையின் தமிழில் பதினாறு வயது விஷயங்களைச் சொல்லப் பார்ப்பாள். பாதியில் வார்த்தை கிடைக்காமல் "ஒண்ணுமில்லப்பா" என்று அறைக்குள் போய்விடுவாள். உள்ளே போய் போனில் தோழியிடம் ஜெர்மனில் ஒரு மணி நேரம் பேசுவாள். அந்த ஒண்ணுமில்லைக்குள் என்னென்ன இருந்தது என்பது அந்தத் தோழிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

3

பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இறங்கியதும் குன்றுச் சரிவு முழுக்கத் திராட்சை. கம்பி இழுத்துக் கட்டிய வரிசைகள், வகிடெடுத்துச் சீவிய தலை மாதிரி. இலைகள் பாதி பச்சை, பாதி மஞ்சள். நடுவே ஒரு பாதை வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. ஒவ்வொரு கால் மணி நடைக்கும் ஒரு பந்தல். அந்தத் தோட்டக்காரரே நின்று தன் ஒயினை ஊற்றுகிறார். நுழைவில் ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பையும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பையும் கொடுத்தார்கள். இருபது வருடம் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறியவனுக்கு அந்தப் பாரம் புதிதில்லை.

ஆம்பூரிலும் எங்களைச் சுற்றி மலைதான். பஸ் ஜன்னலில் தினம் கூடவே வரும். ஆனால் மலையில் நடப்பதென்றால் ஒரு காரணம் வேண்டும். சோளிங்கர் மலைக்குப் படியேறுகிறவர்களுக்கு நரசிம்மரிடம் வேண்டுதல் இருக்கும். மற்றவர்களுக்கு ஆடு காணாமல் போயிருக்கும். சும்மா நடப்பது என்று ஒரு வேலை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கிழவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், நாய்கள், எல்லோரும் ஏறுகிறார்கள். யாருக்கும் எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரமில்லை. பரீட்சை எழுத வந்தவன் நான் ஒருவன்தான்.

முதல் பந்தலில் வெள்ளை ஒயின். எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை அலம்பிய தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மிச்சம் வைக்காமல் முடித்தேன். இரண்டாவது பந்தலிலும் வெள்ளை. அது கொஞ்சம் நட்பாக இருந்தது. ஹோர்ஸ்ட் பக்கத்தில் நின்று, "விட்றாத, விட்றாத" என்று உற்சாகப்படுத்தினான். ப்ரீத்தி திராட்சைச் சாறு வாங்கிக்கொண்டு தோழிகளோடு முன்னால் போய்விட்டாள், என் கோட்டுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்கிற தூரத்தில்.

மூன்றாவது பந்தலில் சிவப்பு. ஜாஃபர் சொன்னபடி முதலில் மூக்கை உள்ளே விட்டேன். பிறகு கொஞ்சம் வாயில் வைத்தேன். நாக்கின் இரண்டு ஓரத்தையும் யாரோ பிடித்து இழுத்துக் கட்டியது மாதிரி ஒரு துவர்ப்பு.

எனக்கு இது தெரியும்! கடுக்காயும் ஆவாரம்பட்டையும் ஊறிய தொட்டித் தண்ணீர். எங்கள் பக்கத்துப் பழைய ஷெட்டுகளில் தோலை அதில்தான் பதப்படுத்துவார்கள். அப்பாவுக்கு வேலை அந்தத் தொட்டிகளில். பட்டை போதுமா என்று விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். தோலை இறுக்குகிறது நாக்கையும் இறுக்கும்.

"இதுல மரப்பட்டை ஜாஸ்தி" என்று தோட்டக்காரரிடம் சொன்னேன். உடனே அவர் முகத்தைப் பார்த்தேன், ஜாஃபர் சொன்னபடியே. அது ஒரு கணம் திருடன் முகமாகி, பிறகு சிரித்தது.

"பட்டை இல்லீங்க, ஓக் மரப் பீப்பாய். நாலஞ்சு மாசம் கூடுதலா உள்ளாற விட்டுட்டேன். எவனும் கண்டுபிடிக்க மாட்டான்னு நெனச்சேன்" என்று இன்னொரு வாய் ஊற்றினார்.

ஹோர்ஸ்ட் என் முதுகில் அறைந்தான். பின்னால் நின்ற இரண்டு பேர் தங்கள் கோப்பைகளை என்னிடம் நீட்டி, இது எப்படி என்று கேட்டார்கள். ஒரு பத்து நிமிடம் நான் உலகப் புகழ்பெற்ற ஒயின் நிபுணனாக இருந்தேன். அதற்குள் பரீட்சையே மறந்துபோய்விட்டது.

4

உச்சிப் பந்தலில் நீள நீளமாகப் பெஞ்சுகள். ஃப்ராவ் லீபல் அங்கே உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியும் சங்கிலியும் அப்படியே இருந்தன.

"ஹெர் தேவசகாயம்! வந்துட்டீங்களே! இங்க வாங்க" என்று பக்கத்தில் இடம் கொடுத்தார்.

நம்ம ஊரில் அதிகாரி ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு கறி வாங்கப் போனாலும் அவர் அதிகாரிதான். எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கிவிடுவோம். சனிக்கிழமை என்பதற்காக என் முதுகெலும்பு அவருக்கு விடுமுறை கொடுக்கவில்லை. பெஞ்சின் முன்விளிம்பில், நாற்காலியில்லாத அலுவலகத்தில் நிற்பது மாதிரி உட்கார்ந்தேன். ஒரு பக்கம் ஹோர்ஸ்ட், மறுபக்கம் அவர்.

அப்போது அந்த ஊர்த் தம்ளர் வந்தது. அரை லிட்டர் பிடிக்கும் கண்ணாடித் தம்ளர். கை வழுக்காமலிருக்க உடம்பெல்லாம் குழி குழியாக இருக்கும். உள்ளே ஒயினும் சோடாவும் கலந்தது. பெஞ்சில் உட்கார்ந்த எட்டுப் பேருக்கும் அந்த ஒரே தம்ளர்தான். ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குத் தர வேண்டும். தெரிந்தவர், தெரியாதவர் என்ற கணக்கெல்லாம் கிடையாது. அந்தப் பக்கத்து வழக்கம் அது.

நான் அண்ணாந்து குடித்து வளர்ந்தவன். தண்ணீர்ச் செம்பு உதட்டில் பட்டால் அம்மா கண்ணாலேயே அடிப்பாள். ஆனால் அரை லிட்டர் ஒயினை அண்ணாந்து ஊற்றினால் கோட்டுதான் குடிக்கும். ஹோர்ஸ்ட் ஒரு வாய் குடித்துவிட்டு என் கையில் கொடுத்தான். உதட்டில் வைத்துக் குடித்தேன். அடுத்தது ஃப்ராவ் லீபல்.

அதற்குப் பிறகு நடந்தது என் மூளையைக் கேட்டு நடக்கவில்லை. கை கோட்டுப் பைக்குள் போனது. இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டை வெளியே வந்தது. திருவிருந்தில் எல்லோரும் குடிக்கும் ஒரே கிண்ணத்துக்கு எங்கள் ஆயர் ஒவ்வொருவர் குடித்த பிறகும் செய்வாரே, அதே மாதிரி தம்ளரின் விளிம்பை அழுத்தித் துடைத்தேன். அதே மாதிரி கால் வட்டம் திருப்பினேன். இரண்டு கையாலும் ஏந்தி, தலையைக் குனிந்து, அவரிடம் நீட்டினேன். ஆமென் சொல்லாமல் விட்டது கர்த்தருடைய கிருபை.

பெஞ்சில் இருந்த எல்லோரும் என் கைக்குட்டையைப் பார்த்தார்கள்.

"இன்னா, நாங்க அவ்ளோ அழுக்கா இருக்கோமா?" என்றார் எதிரே இருந்த தடித்த மனிதர். பாதி சிரிப்பு, பாதி இல்லை.

ஃப்ராவ் லீபல் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

நான் வாயைத் திறந்தேன். ஏழு வருட ஜெர்மன் மொத்தமும் பறந்துபோய், பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஒரே ஒரு வாக்கியம் வெளியே வந்தது: "அடுத்த ரயில் எந்த நடைமேடையிலிருந்து புறப்படும்?"

யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ப்ரீத்தி. அந்த ஊர்ப் பேச்சிலேயே, வாலை நறுக்கி நறுக்கிப் பேசினாள்.

"அவரு உங்கள பாத்து தொடைக்கல. உங்களுக்காக தொடைச்சாரு. தன் எச்சில் உங்களுக்குப் போகக் கூடாதுன்னு. எங்க ஊர்ல அதான் மரியாத." எதிரே இருந்தவர் பக்கம் திரும்பினாள். "எங்க தாத்தாவுக்கு டீக்கடையில தனி கிளாஸ் வெச்சிருந்தாங்க, அவரு குடிச்சத வேற யாரும் தொடக் கூடாதுன்னு. ஆணியில மாட்டியிருக்கும். குடிச்சிட்டு அவரே கழுவி மாட்டணும். அந்தப் பயம் இவருக்கு இன்னும் போகல."

இதை நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எஸ்தரிடம் கூடச் சொன்னதில்லை. அப்பா அந்த கிளாஸைக் கழுவிவிட்டு, துண்டு முனையால் விளிம்பை இன்னொரு தரம் துடைப்பார். கூட நின்ற எனக்கு அப்போது ஆறு வயதோ ஏழு வயதோ. ஆயரிடம் பார்த்துக் கற்றேன் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃப்ராவ் லீபல் தம்ளரை வாங்கினார். எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஒரு வாய் குடித்தார். அடுத்தவருக்குக் கொடுத்தார். "சோடா ஜாஸ்தி" என்றார் பொதுவாக.

தம்ளர் பெஞ்சைச் சுற்றியது. எதிரே இருந்த தடித்த மனிதர் இரண்டு வாய் குடித்தார். ஹோர்ஸ்ட் குடித்தான். "உங்க முறை, ஹெர் தேவசகாயம்" என்றார் ஃப்ராவ் லீபல்.

அப்பாவின் பெயர். அந்தத் தம்ளருக்கு அவரை அழைத்தார்கள். கைக்குட்டையைப் பைக்குள் முஷ்டியில் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் வாங்கிக் குடித்தேன். ஈர விளிம்போடு அப்படியே ஃப்ராவ் லீபலிடம் கொடுத்தேன். அவர் குடித்தார். அந்த ஊருக்கு நான் பட்ட நன்றிக்கடனில் பெரும்பங்கு அந்த ஒரு வாய்க்குத்தான்.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நான் மானத்தோடு வீடு வந்திருப்பேன். ஆனால் ஃப்ராவ் லீபல் கேட்டார்: "வாரா வாரம் எந்தப் பாதையில நடப்பீங்க?"

"இவனா?" என்றான் ஹோர்ஸ்ட். "ஏழு வருஷத்துல இன்னிக்குத்தான் மொதல் தடவ வர்றான்!"

பெஞ்சு முழுவதும் சிரித்தது. அவர் மட்டும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

5

திரும்பும் பஸ்ஸில் ப்ரீத்தியிடம் கேட்டேன். "தாத்தா கிளாஸ் கதை உனக்கு எப்படித் தெரியும்?"

"அத்தை சொன்னாங்க. எனக்கு எட்டு வயசு இருக்கும். அந்தக் கடையில ஆணி இன்னும் இருக்குப்பா. காட்டினாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன். உன் மூஞ்சிய பாத்தா கஷ்டமா இருந்திச்சு. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு என் கோட்டின் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். அந்தக் கோட்டின் மேல்தான்.

ஞாயிறு முழுவதும் ஃப்ராவ் லீபலுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பொய் சொன்னேன், தம்ளரைத் துடைத்தேன், இரண்டுக்கும் என் குடும்பம் பொறுப்பல்ல, மகள் படிக்கட்டும். நான்காவது நகலை ப்ரீத்தி திருத்த வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ப்பா, இத படிச்சா நீ யாரையோ கொன்னுட்ட மாதிரி இருக்கு."

திங்கட்கிழமை சாயங்காலம் தபால்பெட்டியில் அலுவலக உறை. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றதால் எஸ்தர் வாங்கிப் பிரித்தாள். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. ப்ரீத்தி எட்டிப் பார்த்து முழுவதையும் வாசித்தாள். நிரந்தர அனுமதி வழங்கப்படுகிறது, அட்டைக்காகக் கைரேகை கொடுக்க நேரில் வரவும். எஸ்தர் அங்கேயே, வாசல் மிதியடி மேல் நின்றபடி ஜெபம் செய்தாள். நான் மன்னிப்புக் கடிதத்தை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் செருகினேன்.

ஜாஃபருக்குச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தியவன், கொஞ்சம் யோசித்துவிட்டு, "டேய், குடிச்சதுக்கு நான் சொல்லலடா, படிப்புக்கு" என்றான்.

கைரேகை கொடுக்கப் போனபோது ஃப்ராவ் லீபலிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. திராட்சைத் தோட்டத்தில் நடப்பீர்களா என்று அந்த மேஜைக்கு வருகிற எல்லோரிடமும்தான் கேட்பாராம். மூன்றாவது பந்தலில் சிவப்பு ஒயின் ஊற்றியவர் அவருடைய தம்பி. நடைக்கு ஆள் சேர்த்துவிடச் சொல்லி வருடா வருடம் உயிரை வாங்குவாராம்.

வீட்டுக்கு வந்து அனுமதிக் கடிதத்தை மறுபடி எடுத்து, மேல் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். ஃப்ராவ் லீபல் கையெழுத்துப் போட்டது வியாழக்கிழமை. நான் தம்ளரைத் துடைத்தது சனிக்கிழமை.